ஹாலில் கட்டிய வீடு

அல் குசைஸில் நான் குடியிருந்த ஃபிளாட்டுக்குள் ஆறு வீடுகள் இருந்தன. இரண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும் உள்ள சாதாரண ஃபிளாட். பலகை அடித்து அதை ஆறாகப் பிரிக்கப் பிளான் போட்டவன் நான்தான். கை சும்மா இராமல் கம்ப்யூட்டரில் அளவெல்லாம் வைத்து, கட்டில், அலமாரி, கதவு திறக்கும் வளைவு வரை வரைந்திருந்தேன். ஹாலில் வந்த அறை ஏழடிக்கு எட்டடி. கட்டிலைத் திருப்பிப் போட்டால் கதவு திறக்காது என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். அந்தப் பிளானைப் பார்த்து எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

மனைவியும் பிள்ளைகளும் உடனிருந்தவரை ஃபிளாட் முழுக்க எங்களுடையதாகத்தான் இருந்தது. மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்று அவர்கள் திருச்சிக்குப் போய்விட்டார்கள். நான் ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு போய் யாருடைய அறையிலோ பெட் ஸ்பேஸ் என்று ஒரு கட்டில் இடத்தை வாடகைக்குப் பிடித்துப் படுப்பது கௌரவக் குறைச்சல் என்று பட்டது. அதனால் மற்றவர்களைக் கொண்டுவந்து என் ஃபிளாட்டில் படுக்கவைத்தேன். வாடகைப் பத்திரத்தில் இருந்தது நாங்கள் நான்கு பேர். ஃபிளாட்டுக்குள் இருந்தது பதினான்கு பேர்.

எனக்கு வேலை ஓர் இன்டீரியர் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அந்த வருஷம் ஆபீசிலும் நான் வரைந்துகொண்டிருந்தது இதே அளவு வீடுகளைத்தான். பாலைவனத்துக்குள் ஓர் இடத்தில் வரிசையாக மரவீடுகள். டைனி ஹவுஸ் என்று பெயர். தமிழில் அதைச் சொன்னால் வேறு அர்த்தம் வரும் என்பதால், பக்கத்து மேஜைத் தமிழர் தினமும் "உங்க சின்ன வீடு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார். வார விடுமுறைக்கு வந்து, குறைவான பொருட்களோடு வாழ்ந்து பார்க்கிறவர்களுக்கான வீடுகள் அவை. அடியில் சக்கரம் வைத்திருந்தோம். கட்டடக் கணக்கில் வராது. எல்லா அனுமதியும் முறைப்படி கிடைத்தது. அகலம் எட்டடிதான். அங்கே வருகிறவன் இரண்டு நாளில் போய்விடுவான், அதனால் அனுமதி உண்டு. எங்கள் ஃபிளாட்டில் இருப்பவனுக்குப் போக இடமில்லை, அதனால் அனுமதி கிடையாது. அந்த சைட்டில் வெட்டி மிஞ்சிய பலகைகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கித்தான் எங்கள் ஹாலை மறைத்தோம்.

ஃபிளாட்டில் சில சட்டங்கள் வைத்திருந்தேன். செருப்பு வாசலில் கிடக்கக் கூடாது. லிஃப்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து ஏறக் கூடாது. அறைக்குள் சமைக்கக் கூடாது, கிச்சனில் முறை வைத்துச் சமைக்க வேண்டும். படுக்கையறைகளின் கூரையில் இருந்த புகை அலாரங்களுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தோம். ஹாலில் இருந்ததை மட்டும் அப்படியே விட்டோம். ஏசி காற்று எல்லோருக்கும் போகட்டும் என்று பலகைகளைக் கூரைக்கு ஓரடி கீழேயே நிறுத்தியிருந்ததால், உறை மாட்டினால் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிடும். பலகை இருப்பது அவனுக்குத் தெரியும், உள்ளே எத்தனை பேர் என்பதுதான் தெரியாது. அந்த அலாரத்துக்கு நேர் கீழேதான் ஹால் அறை. பிளானில் அதைச் சிவப்பு வட்டமாகக் குறித்திருந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

அந்த அறைக்கு வந்தவன் ஜெபல் அலியில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். சிவகங்கைப் பக்கம். எங்கள் ஃபிளாட்டில் ஒரு பலகைக்குள் இருந்த மெஸ் சமையல்காரர் கூட்டிவந்தார். கம்பெனி கேம்பில் அவனுக்கு இடம் உண்டு, மனைவிக்குத்தான் இல்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. குழந்தை இல்லை. மனைவியை விசிட் விசாவில் அறுபது நாளுக்கு வரவழைக்கிறான்.

வாசலிலேயே நின்றுகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லையாம்ண்ணே. சேந்து இருங்க, தானா நடக்கும்னு டாக்டரு சொல்லிட்டாக. எங்கம்மா அவளப் பேசுற பேச்சு கேக்க முடியல. இந்த அறுவது நாளு மட்டும் எடம் குடுங்கண்ணே."

கொடுத்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக அன்று ஊருக்குப் போன் போட்டு மனைவியிடமும் பீற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவளை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவந்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். கையில் ஒரு புதுப் பாத்திரத்தைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தாள். அறையைப் பார்த்ததும் முகம் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பலகைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே" என்றாள். ஐந்து வருஷத்தில் புருஷனோடு கதவைச் சாத்திக்கொள்ளக் கிடைத்த இரண்டாவது இடம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது ஃபிளாட்டில் எல்லோருக்கும் தெரியும். அரை அங்குலப் பலகை எதைத் தடுக்கும்? வெள்ளிக்கிழமை காலையில் அவன் பல் விளக்க வந்தபோது ஒருவர் தேவையில்லாமல் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் மொபைலில் சத்தமாகப் பாட்டு வைத்தார். நான் அவன் தோளில் தட்டி, "என்னப்பா, கம்பெனியிலதான் ஓவர்டைம் இல்லேன்னாங்க, இங்க நடக்குது போலயே?" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் வாயில் நுரையோடு தலையைக் குனிந்துகொண்டான். அவள் பலகைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்போது அதை நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். விளக்கு வைக்க. கையைக் காட்டியவன் அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எதையும் சும்மா விடத் தெரியாது.

"விளக்கு இருக்கட்டும்மா. பால் காய்ச்சாமலே குடிவந்துட்டீங்களே, அது ஆகுமா?" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஏழுக்கு எட்டு பலகைப் பெட்டிக்கு யாராவது பால் காய்ச்சுவார்களா? அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. பிள்ளை வேண்டி வந்திருப்பவளிடம் எதை விளையாடலாம், எதை விளையாடக் கூடாது என்ற அறிவு எனக்கு இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலைக்குள் மாமியார் வரை செய்தி போய், காலண்டரைப் பார்த்து நல்ல நேரமும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு விடுமுறை நாள். ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால். அது இந்திய நேரமா, இங்கத்து நேரமா என்று ஃபிளாட்டில் பட்டிமன்றமே நடந்தது. நாட்டாமை நான்தான். சூரியன் இங்கே தனியாகத்தானே உதிக்கிறது, ஆகவே இங்கத்து நேரம் என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா! முதல் டம்ளர் பால் வீட்டுக்காரரான எனக்குத்தான் என்று சொல்லியும் வைத்தாள்.

ஞாயிறு காலையில் கிச்சன் சமையல்காரர் முறை. இரண்டு கோழியை வெட்டிக் கழுவி மசாலா தடவிக்கொண்டிருந்தார். கறி புழங்குகிற இடத்தில் பால் காய்ச்ச முடியாது என்று அவள் திரும்பிவிட்டாள். அவன் ஓடிப்போய் ஓர் எலக்ட்ரிக் அடுப்பு வாங்கிவந்தான். சுருள் கம்பி சிவந்து எரியும் சாதாரண அடுப்பு. அந்த அட்டைப்பெட்டியோடு அவன் என் முன்னால்தான் போனான். "அறைக்குள்ள வேண்டாம்பா, மேல அலாரம் இருக்கு" என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஐந்தே நிமிஷம்தானே, பால்தானே என்று நினைத்தேன். டம்ளர் பாலுக்குக் குளித்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன் என்பதும் உண்மை.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே அடுப்பை வைத்து, சூடம் ஏற்றி, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். கதவு திறந்திருந்ததால் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பால் எழும்பியது. வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அந்த இடத்தில் சுவிட்சை அணைத்திருப்பாள். பொங்கி வழிய வேண்டும், அதுவும் கிழக்கே வழிய வேண்டும் என்று அவள் கைகூப்பிக் காத்திருந்தாள். நாங்களும் "பொங்கட்டும், பொங்கட்டும்" என்றோம். பொங்கியது. சிவந்த கம்பியில் பால் கொட்டி, கருகி, புகையாகக் கிளம்பியது. ஏற்கெனவே சூடப் புகை. இரண்டும் சேர்ந்து நேராக மேலே போயின.

முதலில் எங்கள் ஹாலில் அலறிய அலாரம் அடுத்த நிமிஷம் கட்டடம் முழுக்க அலறியது. மாடிப்படியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இறங்கினார்கள். எங்கள் ஒரு கதவிலிருந்து பதினான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தோம். வாட்ச்மேன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் தீ எங்கே என்று பலகை பலகையாகத் திறந்து பார்த்தார்கள். தீ கிடைக்கவில்லை, நாங்கள் கிடைத்தோம்.

மதியத்துக்குள் அதிகாரி வரப்போகிறார் என்று வாட்ச்மேன் சொன்னதும், எல்லோரையும் பையை எடுத்துக்கொண்டு தெரிந்தவர் அறைகளுக்கு ஓடச் சொன்னேன். "யல்லா, யல்லா" என்று விரட்டினேன். போகிற போக்கில் அவளை எல்லோரும் திட்டினார்கள். சமையல்காரர், "வயித்துல ஒண்ணுமில்ல, வந்த எடத்தையும் வெளங்காம ஆக்கிட்டா" என்று காதில் விழும்படி சொன்னார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அதே ஆத்திரம் இருந்தது. அவர்கள் இருவருக்கும் ஓடிப்போக அறை எதுவும் தெரியாது. அவள் தரையில் உட்கார்ந்து கருகிய பாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த அதிகாரி நடுத்தர வயது அரபி. ஹிந்தி நன்றாகப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. பலகையின் மூலை இணைப்பைத் தட்டிப் பார்த்து, "யார் செய்தது? அச்சா வேலை" என்றுகூடச் சொன்னார். இன்று மாலைக்குள் எல்லாப் பலகையும் இறங்க வேண்டும், அபராதம் தனி என்றார். பிறகு ஹால் அறை வாசலில் நின்று அவர்கள் இருவரையும் பார்த்தார்.

"யே கோன்? ஃபேமிலி?" என்று என்னிடம் கேட்டார். இவர்கள் யார், குடும்பமா என்று.

நான் பதில் சொல்வதற்குள் அவரே வழியும் காட்டினார். சொந்தக்காரர்கள் என்றால் பெயரைப் பதிவு செய்துவிடு, பலகை இல்லாமல் இந்த ஹாலில் இருந்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். "பெஹன்?" என்று அவளைக் காட்டிக் கேட்டார். தங்கையா என்று. அவர் பேனா ஃபாரத்தின்மேல் நின்றது. நான் தலையை ஆட்டினால் போதும். மூன்று நாளாக அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என் மனதில் ஓடியதெல்லாம் என்னைப் பற்றித்தான். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் அப்பா பெயர் வேறு. பொய் சொன்னேன் என்று எழுதினால் விசா போகும், வேலை போகும். மகளுக்குப் பத்தாம் வகுப்பு.

"மாஃபி ஃபேமிலி, குடும்பம் கிடையாது. யாரென்றே தெரியாது. சமையல்காரன் கூட்டிவந்திருக்கிறான்" என்றேன் அரபி கலந்த ஹிந்தியில்.

அதிகாரி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினார். "கலாஸ், முடிந்தது. மாலைக்குள் இவர்கள் போக வேண்டும்."

குடோனில் நாளெல்லாம் ஹிந்தியில் புழங்குகிறவன் அவன். ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். அவளுக்கு ஹிந்தி தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிச்சக் கறையையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். போகும்போது, "வர்றோம்ண்ணே" என்றாள். நான் அபராதக் காகிதத்தைப் படிப்பதுபோல நின்றேன்.

அடுத்த சில நாட்கள் அவர்கள் குசைஸிலும் ஷார்ஜாவிலும் இடம் தேடி அலைந்தார்கள். சோதனை நடந்த செய்தி பரவியிருந்ததால் எல்லோரும் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண் தனியாக என்றால் கேம்ப் இருக்கிறது. பெண் தனியாக என்றால் லேடீஸ் பெட் ஸ்பேஸ் இருக்கிறது. சம்பளம் நிறைய வாங்கும் புருஷன் பெண்டாட்டிக்கு ஃபிளாட் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனும் அவன் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்க அந்த ஊரில் ஏழடி இடம் கிடைக்கவில்லை. அவளை லேடீஸ் ரூம் ஒன்றில் ஐந்து பெண்களோடு விட்டுவிட்டு அவன் கேம்புக்குத் திரும்பினான். அந்த அறைக்குள் ஆண்கள் போக முடியாது. கேம்புக்குள் பெண்கள் போக முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்த்தேன். ஏசி வைத்த பஸ் ஸ்டாப் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை. அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. அவர்கள் ஏறவில்லை. வெயிலுக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்துவிட்டேன்.

அதே வாரம் பாலைவன வீடுகளைப் பார்வையிடப் போனேன். கோடையில் யாரும் வருவதில்லை. மரம் வெயிலில் வளைந்துவிடாமல் இருக்க ஆளில்லாத வீடுகளில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விரித்த மெத்தை, மடித்த துண்டு. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என் பையில் இருந்தது. அவர்கள் நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அறுபது நாள் முடிந்து அவள் ஊருக்குப் போனாள். நான் ஃபிளாட்டைக் காலி செய்து, கௌரவமெல்லாம் போய், ஒரு பெட் ஸ்பேஸில் கட்டிலின் மேல்தட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து அவன் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு ஒதவி. எங்கம்மா எனக்கு வேற பொண்ணு பாக்குறாக. அறுவது நாளு புருஷங்கூட இருந்தும் ஒண்ணுமில்ல, இனிமே என்ன சாட்சி வேணும்னு கேக்குறாக. ரெண்டு மாசமும் அவ லேடீஸ் ரூம்ல கெடந்தான்னு நான் சொன்னா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சு புளுகுறேன்னு சொல்றாக. நீங்க வீட்டுக்காரரு, படிச்சவரு. மூணு நாளுதான் சேந்து இருந்தோம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாக."

இத்தனைக்குப் பிறகும் என்னை அண்ணே என்கிறான். பாவத்தைக் கழுவ ஒரு வாய்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். நம்பர் வாங்கி அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் பயந்தபடி அவர் பேசவில்லை. மிகவும் பிரியமாக, "சாப்ட்டீகளா தம்பி?" என்று கேட்டார். உங்கள் மகன் சொல்வது சத்தியம், என் வீட்டில் அவர்கள் மூன்றே நாள்தான் இருந்தார்கள், அதிகாரிகள் வந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நன்றாகவே எடுத்துச் சொன்னேன். அவர் உம் கொட்டிக் கேட்டார். அவர் மனம் இளகுவது எனக்கே தெரிந்தது.

"அப்ப எம்மருமகள நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேனா" என்றார். பிறகு, "ஆபீசரு எதுக்குத் தம்பி வந்தாக?" என்று கேட்டார்.

எதையாவது சொல்லியிருக்கலாம். வழக்கமான சோதனை என்று சொல்லியிருக்கலாம். ஒரு தடவையாவது முழு உண்மை பேசிவிட வேண்டும் என்ற வேகத்தில் இருந்தேன். பால் காய்ச்சியதை, பொங்கி அடுப்பில் கொட்டியதை, கருகிப் புகைந்து மணி அடித்ததை, தீயணைப்பு வண்டி வந்ததை எல்லாம் சொன்னேன். என் வழக்கப்படி கொஞ்சம் சிரிப்புச் சேர்த்தே சொன்னேன்.



"பால் கருகிப்போச்சா?" என்றார்.

"ஆமாம்மா, அதனாலதான்..."

"கெழக்க பாத்து நல்லாப் பொங்குச்சுன்னுல்ல எங்கிட்டச் சொன்னா."

நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அடுப்பைப் பற்றி, அலாரத்தைப் பற்றி, அறையைப் பிரித்ததே என் குற்றம் என்று. அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்.

"குடிபோன எடத்துல பால் கருகுனத மறைச்சுட்டாளே தம்பி. மொதல்லயே தெரிஞ்சிருந்தா இம்புட்டு நாளு காத்துக்கெடக்க மாட்டோம். நீங்களாச்சும் ஒளிக்காமச் சொன்னீக. நல்லா இருங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த வாரமே அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். மெஸ் சமையல்காரர்தான் சொன்னார். அவன் இப்போது என் போனை எடுப்பதில்லை. போகும்போது அவள் ஏதாவது சொன்னாளா என்று சமையல்காரரிடம் கேட்டேன். அழவில்லையாம், சண்டை போடவில்லையாம். "அந்த அண்ணனா சொன்னாக?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாளாம்.